செம்புராங்கல் பூமியில் மண், மரம், வரத்துக்கால்: கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: தோட்டத்து மண்ணில் களி எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். நிறத்தை நம்பாதீர்கள், சிவந்த களியும் உண்டு. மண்ணைப் பொடித்து 2 மி.மீ. கண் சல்லடையில் சலியுங்கள். சலிக்காவிட்டால் நம்மூர்ச் சரளை மணல் கணக்கில் சேர்ந்துவிடும். நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாள் வரை இறங்குவது களி. படிவு 10 செ.மீ., அதில் மணல் 7 என்றால் மணல் 70 சதவீதம்; களிக்கும் இதே கணக்குதான்.

கானாடுகாத்தான்: மூன்று வருஷமாகத் தண்ணீர் ஊற்றியும் மாங்கன்று இடுப்பளவு தாண்டவில்லை, அண்ணே.

கன்றைக் குறை சொல்லாதீர்கள், குழியைப் பாருங்கள். கீழே செம்புராங்கல் (சிவந்த கெட்டிக் கல்) இறுகியிருந்தால் வேர் சட்டிக்குள் சுற்றுவதுபோலச் சுற்றும். பக்கத்தில் இரண்டடிக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் அதுதான் காரணம்.

புதிதாக நடும்போது மூன்றடிச் சதுரம், மூன்றடி ஆழம். அடியில் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் துளைத்து, கல்லை உடைத்துவிடுங்கள். பக்கச் சுவரை வழவழப்பாகச் செதுக்கவே கூடாது. மேல்மண் 2 பங்கு, கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிந்த களிமண்) 1, மக்கிய தொழுவுரம் 1. கரம்பை நல்லதென்று குழி முழுக்க அதையே கொட்டுகிறார்கள்; ஐப்பசியில் நீர் தேங்கி வேர் அழுகும், சித்திரையில் வெடித்து வேர் அறும். நடவு ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு. கல் உடையவே மறுத்தால் மாவை விட்டு வேம்பு, முந்திரிக்குப் போங்கள்.

ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. தேத்தாங்கொட்டை உண்மையில் வேலை செய்யுமா?

செய்யும் ஆச்சி. நுண்களித் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. கொட்டையின் சாறு அவற்றைச் சேர்த்துக் கட்டியாக்கி அடியில் இறக்குகிறது. மண்பானையின் உட்புறத்தில் ஈரத்தோடு உரசி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ராத்திரி அசைக்காமல் வையுங்கள். தெளிந்தாலும் கிருமி போகாது. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கண்மாய்க்கு வரத்துக்காலில் (நீர் கொண்டுவரும் வாய்க்காலில்) எவ்வளவு நீர் வருகிறது என்று எப்படி அளப்பது?

நேரான 10 மீட்டரில் எலுமிச்சம்பழத்தை விடுங்கள் (இலையைக் காற்று தள்ளும்). கடக்க 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். அடிநீர் மெதுவாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்குங்கள். அகலம் 2, சராசரி ஆழம் 0.3 மீட்டர் எனில் வினாடிக்கு சுமார் 255 லிட்டர். மூன்று முறை விட்டுச் சராசரி எடுங்கள்.

சீமைக்கருவேலை வெட்ட வெட்டத் துளிர்க்கிறதே?

தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கும். மொட்டுகள் மண்ணுக்குள் இருக்கும் அடித்தூரில் உள்ளன. மழை ஈரத்தில் ஒரு அடிக்கு மேல் தோண்டித் தூரோடு எடுங்கள். மஞ்சள் உருண்டைப் பூவும் மணிகோத்தாற்போன்ற காயும் இருந்தால் அது நாட்டுக்கருவேல், தொடாதீர்கள்.