எந்த பிராண்டு போன் நல்லது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புது போன் வாங்க வேண்டும். என் பட்ஜெட்டில் சாம்சங், ரெட்மி, ரியல்மி, விவோ நான்கிலும் போன் இருக்கிறது. சாம்சங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் அப்பா. அதே காசுக்கு மற்றவற்றில் கூடுதல் வசதி கிடைக்கும்போது பெயருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்கிறான் தம்பி. இதில் எந்த பிராண்டு நல்லது?

பதில்: அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது, தம்பி பக்கமும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே பிராண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் வாங்கப்போவது ஒரு மாடலை. ஒரே பிராண்டில் அருமையான போனும் இருக்கும், தலையில் கட்டுகிற போனும் இருக்கும். யாரோ வைத்திருக்கும் விலை உயர்ந்த சாம்சங் கேலக்ஸியைப் பார்த்துவிட்டு, அந்த நம்பிக்கையில் அதே கம்பெனியின் அடிமட்ட மாடலை வாங்கி நொந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. நாம் போட்டியாளர்கள் என்று நினைக்கிற பல பிராண்டுகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மி பெற்றவை. ரியல்மி 2018-இல் ஓப்போவின் துணை பிராண்டாகத் தொடங்கியது. ஐக்யூ விவோவுடையது. ஒன்பிளஸ் 2021-இல் ஓப்போவோடு இன்னும் நெருங்கி இணைந்துகொண்டது. ஒரு நாட்டில் ரெட்மி என்று விற்ற போனே பின்பக்கத் தோற்றம் மட்டும் மாறி, இன்னொரு நாட்டில் போக்கோ என்று வருவதும் உண்டு.

உள்ளே திறந்து பார்த்தாலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு போன்களில், போனின் மூளையான சிப் பெரும்பாலும் குவால்காமுடையது, இல்லையென்றால் மீடியாடெக்குடையது. கேமரா சென்சார் பல போன்களில் சோனி அல்லது சாம்சங். ஐபோனுக்கே ஓஎல்இடி திரையை சாம்சங் கொடுக்கிறது, கேமரா சென்சாரை சோனி கொடுக்கிறது. அப்புறம் பாகத்தை வைத்து எந்த பிராண்டு உசத்தி என்று எப்படிச் சொல்வது?

சரி, அப்படியானால் பெயரே பார்க்க வேண்டாமா என்றால், இரண்டு விஷயத்துக்குப் பார்க்க வேண்டும்: அப்டேட், சர்வீஸ்.

அப்டேட்டில் பிராண்டுக்கு பிராண்டு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு கூகுள் 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதே 7 ஆண்டு சொன்னது. விலை குறைந்த ஏ16 5ஜி மாடலுக்கே 6 ஆண்டு என்றது. அப்பா கட்சிக்கு இது வலுவான வாதம். இன்னொரு பக்கம், மலிவு மாடல்களுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்போடு கையைக் கழுவிவிடும் பிராண்டுகளும் உண்டு. அப்டேட் நின்றால் போன் அன்றைக்கே சாகாது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வங்கி ஆப்களும் காலப்போக்கில் பழைய பதிப்புகளைக் கைவிட்டுவிடும்.

பலர் ஏமாறும் இடம் இங்கேதான். கம்பெனி சொல்லும் ஆண்டுக்கணக்கு, பொதுவாக மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டு அப்டேட் உள்ள போனை, அது வெளிவந்து ஒன்றரை ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்கு மிச்சம் இரண்டரை ஆண்டு. தள்ளுபடி ஏன் அவ்வளவு தாராளம் என்பதும் புரியும். எத்தனை ஆண்ட்ராய்டு பதிப்பு, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எது பெரிய எண்ணோ அதுதான்.

சர்வீஸ் விஷயத்தில், நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகே அந்த பிராண்டுக்கு சொந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே, வாங்க நினைக்கும் மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பல பிராண்டுகள் இதைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. வளைந்த திரை உள்ள போனுக்கு அந்தத் தொகையைப் பார்த்தால், சில பேருக்கு ஆசையே விட்டுப்போகும்.

தம்பி பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்டேட் நீளமாக இருந்தும், அந்த ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்கிற சிப் இல்லையென்றால் பயனில்லை. நடுத்தர, மலிவு விலையில் அதே காசுக்கு வலுவான சிப்பும் வேகமான சேமிப்பகமும் தருவது பல நேரம் சீன பிராண்டுகள்தான். அதற்கு ஈடாக சிலவற்றில் வேண்டாத ஆப்களும், செட்டிங்ஸுக்குள்ளேயே தலைகாட்டும் விளம்பரங்களும் வரும். பெரும்பாலும் அணைத்துவிடலாம், உட்கார்ந்து தேடி அணைக்கப் பொறுமை வேண்டும்.

சிப்பின் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். குவால்காமின் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2, ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 2 இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. பெயரில் இவ்வளவுதான் வித்தியாசம். வேகத்தில் பிளஸ் எங்கேயோ இருக்கிறது. சேமிப்பகம் பழைய, மெதுவான இஎம்எம்சி வகையா, வேகமான யுஎஃப்எஸ் வகையா என்பதையும் பாருங்கள். இஎம்எம்சி போட்ட போன் நிறைய ஆப் ஏறியதும் திணறத் தொடங்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் நான் அதைத் தவிர்ப்பேன்.

ஆக, நான்கு பிராண்டிலும் உங்கள் விலைக்கு வரும் மாடலை ஒவ்வொன்று எடுங்கள். அப்டேட் முடியும் ஆண்டு, சிப், சேமிப்பகம், டிஸ்ப்ளே மாற்றும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாலைந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அப்டேட்டுக்கு முதலிடம். இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவேன், விளையாட்டு முக்கியம் என்றால் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: ஐபோன் பல வருடம் உழைக்கும், ஆண்ட்ராய்டு இரண்டே வருடத்தில் படுத்துவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் உண்மை. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 9-இல் தொடங்கி 2021-இன் ஐஓஎஸ் 15 வரை அப்டேட் வாங்கியது. அன்றைக்கு ஆண்ட்ராய்டு பக்கம் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இன்றைக்கு பிக்சலும், சாம்சங்கின் உயர்விலை மாடல்களும் அந்த இடைவெளியை மூடிவிட்டன. உங்கள் நண்பர் மலிவு ஆண்ட்ராய்டையும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஐபோனையும் ஒப்பிடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். விலைக்கு விலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இப்போது எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அங்கேயே இருப்பதுதான் பல நேரம் லாபம். காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் பெரும்பாலும் பக்கம் மாறி வராது, வாட்சும் வராது.

கேள்வி: ஒரு போனில் 200 மெகாபிக்சல் கேமரா, இன்னொன்றில் 50. விலை ஏறக்குறைய ஒன்றே. 200-ஐ எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: எண்ணை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது, 200 மெகாபிக்சல் சென்சார் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம் தரும். 50 மெகாபிக்சல் சென்சார் நான்கைச் சேர்த்து அதே 12.5 தரும். சென்சாரின் அளவு, கை நடுக்கத்தைத் தாங்கும் ஓஐஎஸ், கம்பெனியின் மென்பொருள் இவைதான் படத்தைத் தீர்மானிக்கின்றன. பின்னால் மூன்று கண் இருந்தால் அதில் ஒன்று, மிக அருகில் வைத்து எடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோவா என்று பாருங்கள். அப்படியானால் அது எண்ணிக்கைக்கு வைத்தது.

கடையில் இரண்டையும் கையில் வாங்கி, முதலில் முகத்தை மெருகேற்றும் பியூட்டி வசதியை அணையுங்கள். வெளிச்சம் வரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒருவரை நிற்கவைத்து எடுங்கள். முகம் இருட்டுகிறதா, பின்னால் எல்லாம் வெளுத்துப்போகிறதா? அடுத்து, மேசைக்கு அடியில் இருக்கும் நிழலில் உங்கள் கையை அசைத்துக்கொண்டே ஒரு படம். பெரிதாக்கினால் விரல் விரலாகத் தெரிகிறதா, ஒரே குழம்பா என்று பாருங்கள். பளிச்சென்ற திரை, சுமாரான படத்தையும் தூக்கிக் காட்டும். அதனால் இரண்டு போனின் படங்களையும் உங்கள் பழைய போனுக்கு அனுப்பி, அதில் வைத்து ஒப்பிடுங்கள். அனுப்பும்போது படம் சுருங்காத வழியில் அனுப்புங்கள்.

கேள்வி: 8+8 என்று 16 ஜிபி ராம் உள்ள போன், வெறும் 12 ஜிபி உள்ள போனைவிட மேலா?

பதில்: இல்லை. முதல் 8 மட்டும்தான் ராம். அடுத்த 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்குவது, அது ராமைவிட மிக மெதுவானது. 8-ஐயும் 12-ஐயும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: 120 வாட் சார்ஜிங் உள்ள பிராண்டுக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் இவற்றில் பல, அந்த பிராண்டின் சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் முழு வேகம் காட்டும். வீட்டில் இருக்கும் வேறு சார்ஜரில் போட்டால் வேகம் வெகுவாக இறங்கிவிடும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் விலையையும் போன் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐபி68 உள்ள போனுக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். தண்ணீரில் விழுந்தால் வாரண்டி உண்டா?

பதில்: பெரும்பாலும் கிடையாது. ஐபி68 என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தரக் குறியீடு; நல்ல தண்ணீரில், கம்பெனி சொல்லும் ஆழத்தில், சொல்லும் நேரத்துக்குச் சோதித்தது. கடல் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகளும் நாளாக நாளாகத் தளரும். மழையில் நனைகிற வேலை என்றால் கூடுதல் காசு தகும். நீச்சல் குளத்தில் படம் எடுக்கத்தான் என்றால் தகாது. எந்த பிராண்டு போன் நனைந்தாலும், காயும் வரை சார்ஜில் போடாதீர்கள். அரிசியிலும் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.