2021-இல் கிராபிக்ஸ் கார்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதற்குக் கிரிப்டோ மைனிங்தான் காரணமா? மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கலாமா?

2021 பிப்ரவரியில் என்னுடைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டு திரையில் கோடுகளையும் கட்டங்களையும் காட்டத் தொடங்கி, நான்கைந்து நாட்களில் அடியோடு நின்றுபோனது. உள் அலங்கார வடிவமைப்பாளர்களுக்கு வீட்டின் அறைகளை முப்பரிமாணப் படங்களாகச் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், கார்டு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவதே கடினம். சென்னை ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய ஏழெட்டுக் கடைகளில் ஒரே ஒரு கடையில்தான் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ இருந்தது. விலை 68,000 ரூபாய். அதையும் தனியாகத் தர முடியாது, ஒரு மதர்போர்டையும் பவர் சப்ளையையும் சேர்த்து எடுத்தால்தான் தருவோம் என்றார்கள். நான் தயங்குவதைப் பார்த்த கடைக்காரர், "நீங்க ஒண்ணுக்கு யோசிக்கிறீங்க சார், காலையில வந்தவரு எட்டு எடுத்துட்டுப் போனாரு" என்றார். அந்த எட்டுக் கார்டுகளும் எங்கே போயிருக்கும், அவற்றை அந்த விலைக்கு வாங்க ஒருவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அன்றிலிருந்து தேடித் தெரிந்துகொண்டதை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மைனிங் என்பது கணினிகளை இடைவிடாமல் கணக்குப் போட வைத்து, அதற்குக் கூலியாகக் கிரிப்டோ நாணயத்தை ஈட்டுவது. தட்டுப்பாட்டுக்கு மைனிங் மட்டும் காரணமில்லை. ஆனால் விலை அந்த உயரத்துக்குப் போனதற்கும், அங்கேயே மாதக்கணக்கில் நின்றதற்கும் முதன்மைக் காரணம் மைனிங்தான் என்பது என் உறுதியான கருத்து. பொருள் கிடைக்காமல் போவதும், கிடைக்கும் பொருளின் விலை இவ்வளவுதான் என்று தீர்மானமாவதும் வேறு வேறு விஷயங்கள். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் இன்னமும் முடியாமல் இருக்கிறது.

தட்டுப்பாடு மைனிங்குக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டை, கிராபிக்ஸ் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் 2020 செப்டம்பர் 17 அன்று 699 டாலருக்கு, இந்தியாவில் 71,000 ரூபாய் தொடக்க விலைக்கு, விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சில நிமிடங்களிலேயே இணையக் கடைகளில் இருப்பு தீர்ந்தது. அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் நாணயமான ஈதர் 400 டாலருக்கும் கீழேதான் இருந்தது. பெருந்தொற்றால் வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்று உலகம் முழுவதும் கணினி வாங்கும் கூட்டம் பெருகியிருந்தது. என்விடியாவின் சில்லுகளை சாம்சங் 8 நானோமீட்டர் முறையில் தயாரித்தது. அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியோ தன் கிராபிக்ஸ் சில்லுகளுக்கும், ரைசன் பிராசசர்களுக்கும், 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றின் சில்லுகளுக்கும் சில்லு தயாரிக்கும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஒரே 7 நானோமீட்டர் உற்பத்தித் திறனையே பங்கிட வேண்டியிருந்தது. சில்லைப் பொருத்தும் அடித்தகடுகளுக்கும் பற்றாக்குறை இருந்தது. கார்டு வந்த நொடியில் மென்பொருள் கொண்டு அள்ளிச் சென்று கூடுதல் விலைக்கு விற்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மைனிங் என்ற ஒன்றே இல்லாதிருந்தாலும் அந்த ஆண்டு இறுதியில் நாம் சில மாதங்கள் காத்திருந்திருப்போம்.

அடுத்து ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டுகளை விழுங்கியது பிட்காயின் என்று பலரும் எழுதுகிறார்கள். பிட்காயின் மைனிங் 2013 அளவிலேயே அதற்கென்றே வடிவமைத்த ஏசிக் கருவிகளுக்கு மாறிவிட்டது. அங்கே கிராபிக்ஸ் கார்டால் போட்டியிடவே முடியாது. 2017-18 அலையிலும் 2020-22 அலையிலும் கார்டுகளை இழுத்தது பெரும்பாலும் எத்தீரியம். அது பயன்படுத்திய ஈத்தாஷ் என்ற முறை, பல ஜிபி அளவுள்ள ஒரு தரவுத் தொகுப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்து இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்கும்படி அமைக்கப்பட்டது. ஏசிக் கருவிகள் ஆதிக்கம் செலுத்தக் கூடாது, சாதாரண மக்களும் பங்கேற்க வேண்டும் என்ற நோக்கத்தில் செய்த ஏற்பாடு அது. நினைவகத்தை அதிவேகமாகப் படிப்பதில் கிராபிக்ஸ் கார்டை மிஞ்ச வேறு எளிய கருவி இல்லை என்பதால், அந்த ஏற்பாடே நம் கடைத்தெருவின் மீது வந்து விழுந்தது. அந்தத் தரவுத் தொகுப்பு காலப்போக்கில் வளர்ந்துகொண்டே போகும். 2020 இறுதியில் அது 4 ஜிபியைத் தாண்டியதும் பழைய 4 ஜிபி கார்டுகள் அந்த வேலைக்கு உதவாமல் போய், தேவை முழுவதும் அதிக நினைவகம் கொண்ட புதிய கார்டுகளின் பக்கம் திரும்பியது.

என் கேள்விக்கான விடை ஒரு கணக்கில் கிடைத்தது. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டின் அறிவிக்கப்பட்ட விலை 399 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 35,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்தக் கார்டு எத்தீரியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாஹாஷ், அதாவது ஆறு கோடி கணக்கு முயற்சிகள், தரும். 2021-இன் முதல் மாதங்களில் அதன் வருமானம் நாளொன்றுக்குச் சுமார் ஐந்து டாலர், அதாவது 365 ரூபாய். 130 வாட் எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் ஓடினால் மின்சாரம் மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 25 ரூபாய்தான். எனவே கையில் நிற்பது 340 ரூபாய். 35,000 ரூபாய்க்கு வாங்கினால் சுமார் நூறு நாளில் முதல் திரும்பிவிடும். நான் வாங்கத் துணியாத 68,000 ரூபாய்க்கு வாங்கினாலும் இருநூறு நாளில், ஏழு மாதத்துக்குள், முதல் வந்துவிடும். அதன் பிறகும் கார்டு கையில் இருக்கும், அதையும் விற்கலாம். வேறு எந்தச் சிறுதொழிலில் ஏழு மாதத்தில் போட்ட பணம் திரும்புகிறது?

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். எனக்கும் ஒரு மாணவருக்கும் விளையாடுபவருக்கும் கார்டு என்பது ஒரு செலவு. நாங்கள் கொடுக்கக்கூடிய விலைக்கு எங்கள் சட்டைப்பை எல்லை வகுக்கிறது. மைனிங் செய்பவருக்கு அது தினமும் கூலி கொண்டுவரும் எந்திரம். அவர் கொடுக்கக்கூடிய விலைக்கு ஈதரின் சந்தை மதிப்பு எல்லை வகுக்கிறது. ஒரே அலமாரியில் இருக்கும் ஒரே பெட்டிக்கு இந்த இருவரும் போட்டியிட்டால் யார் வெல்வார் என்பது முன்பே முடிவான விஷயம். கார்டின் விலைக்கும் அது வரையும் படத்தின் தரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்து, விலை நாணயச் சந்தையோடு கட்டுண்டது. எத்தனை கார்டுகள் அந்தப் பக்கம் போயின என்பதற்கு கிராபிக்ஸ் சந்தையை ஆராயும் ஜான் பெடி ரிசர்ச் நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்று உண்டு: 2021-இன் முதல் காலாண்டில் விற்பனையான கார்டுகளில் கால் பங்கு மைனிங் செய்பவர்களிடமும் பதுக்கி விற்பவர்களிடமும் போனது. கால் பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் ஏற்கெனவே பொருள் போதாத சந்தையில், என்ன விலையானாலும் கொடுக்கத் தயாராக இருக்கும் கால் பங்கினர்தான் மீதி முக்கால் பங்கினருக்கும் விலையைத் தீர்மானிக்கிறார்கள்.

நாட்காட்டியைப் பார்த்தாலும் இது விளங்கும். 2021 மே மாத நடுவில் ஈதர் 4,000 டாலரைத் தாண்டியிருந்தபோது, ஜெர்மனியில் விலைகளைத் தொடர்ந்து பதிவு செய்துவந்த 3டிசென்டர் தளத்தின் கணக்குப்படி, என்விடியா கார்டுகள் அறிவிக்கப்பட்ட விலையைப்போல் மூன்று மடங்குக்கு விற்றன. மே இறுதியிலும் ஜூனிலும் சீன அரசு மைனிங்கை ஒடுக்கியது. ஈதரும் பாதிக்கும் மேல் சரிந்தது. சில வாரங்களில் கார்டு விலையும் இறங்கியது. நவம்பரில் ஈதர் 4,800 டாலரை எட்டியபோது கார்டு விலை மீண்டும் ஏறியது. 2022 ஜூனில் ஈதர் ஆயிரம் டாலர் அளவுக்கு விழுந்தபோது, அதுவரை கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லப்பட்ட கார்டுகள் அறிவிக்கப்பட்ட விலைக்கே அலமாரிகளில் நின்றன. அந்த ஓராண்டில் இந்தச் சில்லுகளின் உற்பத்தி திடீரென்று பெருகிவிட்டதால் வந்த மாற்றமல்ல அது.

இதனால் அடிபட்டவர்கள் விளையாடுபவர்கள் மட்டும் என்று நினைப்பவர்கள் என் போன்றவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. நண்பர் ஒருவர் கொடுத்த, படம் காட்ட மட்டுமே உதவும் 2 ஜிபி கார்டைச் செருகிக்கொண்டு, ரெண்டரிங் (முப்பரிமாண மாதிரியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) முழுவதையும் பிராசசரில் ஓட்டினேன். முன்பு ஆறேழு நிமிடத்தில் முடிந்த ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டு, விடிந்து பார்க்கும்போது ஒரு விளக்கின் நிறம் தவறாக இருந்தால் அந்த நாளே வீண். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறிடம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஆண்டில் படிப்பை முடித்து அனிமேஷன், இயந்திரக் கற்றல் என்று தொடங்க நினைத்து, கணினி வாங்க முடியாமல் வேறு திசையில் போன இளைஞர்களை எனக்கே தெரியும். அவர்களுடைய இழப்பு எந்த விலைப்பட்டியலிலும் வராது.

தயாரிப்பாளர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் 329 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் எத்தீரிய வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் தடையை என்விடியா வைத்தது. ஆனால் அடுத்த மாதமே அதே நிறுவனம் வெளியிட்ட ஒரு சோதனை டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தவறுதலாக அந்தத் தடையைத் திறந்துவிட்டது. மே மாதம் முதல் மற்ற கார்டுகளுக்கும் எல்எச்ஆர் என்ற பெயரில் தடை வந்தது. ஓராண்டுக்குள் மைனிங் மென்பொருள் எழுதுபவர்கள் அதையும் முழுமையாக உடைத்துவிட்டார்கள். மானிட்டரை இணைக்கும் வாயே இல்லாத சிஎம்பி என்ற தனிக் கார்டுகளும் மைனிங்குக்கென்றே விற்கப்பட்டன. இந்தத் திட்டத்தின் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, ஏனென்றால் சாதாரணக் கார்டு மைனிங் முடிந்த பிறகாவது யாரோ ஒரு மாணவருக்குப் போய்ச் சேரும். சிஎம்பி நேராகக் குப்பைக்குத்தான் போகும். இன்னொன்றும் பதிவில் இருக்கிறது: 2018 நிதியாண்டில் தன் கேமிங் வருவாய் வளர்ச்சியில் மைனிங்குக்கு இருந்த முக்கியப் பங்கை முதலீட்டாளர்களுக்குத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் எழுப்பிய வழக்கை, 2022 மே மாதத்தில் 55 லட்சம் டாலர் அபராதம் கட்டி, குற்றச்சாட்டை ஏற்கவோ மறுக்கவோ செய்யாமல், என்விடியா முடித்துக்கொண்டது.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. அதன் மின் தேவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வேலையிழந்த கார்டுகள் வேறு சிறு நாணயங்களுக்குப் பாய்ந்தன. அங்கே வருமானம் பலருக்கு மின் கட்டணத்துக்கே போதவில்லை. பழைய கார்டுகள் வெள்ளமாகச் சந்தைக்கு வந்தது அப்போதுதான். நானும் அந்த அக்டோபரில் அதே ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை, ஆறு கார்டுகளை ஒரு இரும்புச் சட்டத்தில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்த கோயம்புத்தூர் இளைஞர் ஒருவரிடமிருந்து 23,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் சோதித்து வாங்குங்கள். மைனிங்கில் ஓடிய சில்லு தேய்ந்துபோய்விடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. மின் செலவைக் குறைப்பதில் கவனமாக இருப்பவர்கள் சில்லின் மின்னழுத்தத்தைக் குறைத்தே ஓட்டுவார்கள். ஒரே வெப்பநிலையில் தொடர்ந்து ஓடுவது, சூடாகிக் குளிர்ந்து சூடாகும் விளையாட்டுக் கணினியின் வாழ்க்கையைவிடக் கொடுமையானது அல்ல. உண்மையில் தேய்வது விசிறிகளும், வெப்பப் பசையும், நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடுகளும். நினைவகத்தை அளவுக்கு மேல் விரட்டி ஓட்டியிருப்பார்கள் என்பதால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குறிப்பாக ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் உள்ள 3080, 3090 கார்டுகளில் மைனிங்கின்போது அந்தச் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆர்எக்ஸ் 570, 580 போன்ற பழைய ஏஎம்டி கார்டுகளில் பயாஸை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றியிருப்பார்கள். மூலப் பயாஸை மீண்டும் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

விற்பவரின் வீட்டிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். விசிறியில் கரகரப்பு மட்டும் இருந்தால் அது சில நூறு ரூபாய்ச் செலவு, பேரம் பேசலாம். எல்லா வீடியோ வாய்களிலும் மானிட்டரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். உத்தரவாதம் மிச்சமிருக்கிறது என்று சொன்னால், அந்தப் பிராண்டு சீரியல் எண்ணைப் பார்க்கிறதா, பில்லைக் கேட்கிறதா என்பதை வாங்கும் முன்பே சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பில் தேவை என்றால் அசல் பில்லை வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் வாங்கிய கார்டில் அரை மணி நேரச் சோதனையில் சில்லின் மிகச் சூடான புள்ளியின் (ஹாட் ஸ்பாட்) வெப்பம் 98 டிகிரிக்குப் போனது. விற்ற இளைஞரே மறைக்காமல், ஒன்றரை ஆண்டாகப் பசை மாற்றவில்லை என்று சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து பசையையும் பேடுகளையும் மாற்றினேன். செலவு 700 ரூபாய். வெப்பம் 84-க்கு இறங்கியது, நாற்பது நிமிடப் படம் நான்கு நிமிடத்துக்கு வந்தது, போன இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் அந்தப் பொங்கலுக்குப் பிறகு மீண்டும் வேலை கொடுத்தார்.