வாசகர் கேள்வி: ஊர் திரும்பிய வீரர்களும் மேகநோயும்

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களிடையே பால்வினை நோய்கள் மிகுந்திருந்ததாகப் படித்தேன். பென்சிலின் இல்லாத அக்காலத்தில் அவற்றை எவ்வாறு கட்டுப்படுத்தினார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மருந்தே இல்லாத காலம் என்று சொல்வதற்கில்லை. கிரந்தி (சிபிலிஸ்) நோய்க்கு 1910 முதல் சால்வர்சான் என்ற ஆர்சனிக் ஊசி கிடைத்தது. அதைப் பாதரசத்தோடு சேர்த்துப் பல வாரங்கள் தொடர வேண்டியிருந்தது. வெட்டை (கொனோரியா) நோய்க்குப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலால் சிறுநீர்ப் பாதையைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் மட்டும் இந்நோய்களுக்கான மருத்துவமனைச் சேர்க்கைகள் ஏறத்தாழ 4,00,000 என்பதால், இது படைத்தலைமைக்கு ஆள்பலக் கவலையாகவே முதலில் தெரிந்தது. நோயாளியின் ஊதியத்தைப் பிடிப்பது அன்றைய வழக்கம். அதற்கு அஞ்சியே பலர் நோயை மறைத்தார்கள் என்பதை நிர்வாகம் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது.

அதை முன்னதாகவே புரிந்துகொண்டவர்களில் ஒருவர், நியூசிலாந்தில் வளர்ந்த எட்டி ரவுட் என்ற பெண்மணி. கலோமல் என்ற பாதரசச் சேர்மக் களிம்பு, பர்மாங்கனேட், ஆணுறை ஆகியவை அடங்கிய சிறு நோய்த்தடுப்புப் பொட்டலத்தை அவர் உருவாக்கினார். 1917 இறுதியில் நியூசிலாந்துப் படை அதை ஏற்று, விடுப்பில் செல்லும் வீரர்களுக்கு இலவசமாகவும் கட்டாயமாகவும் வழங்கியது. ஆனால் பொட்டலத்தை ஏற்ற அதே நாட்டின் அரசு, அவர் பெயரை அச்சிடும் செய்தித்தாளுக்கு 100 பவுண்டு அபராதம் என்று 1918இல் ஆணையிட்டது! பிரான்சு அவருக்குப் பதக்கம் அளித்துப் பாராட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் இருவேறு போக்குகள் இருந்தன. நோயுள்ள பெண் படைவீரனுடன் உறவு கொள்வது குற்றம் என்று 1918 மார்ச்சில் ஒரு போர்க்கால விதி வந்தது. நோயைத் தந்த வீரனை அது தொடவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் போர் முடிந்தவுடன் அது கைவிடப்பட்டது. உண்மையில் பயன்பட்டது வேறொன்று: பால்வினை நோய்களை ஆராய்ந்த அரச ஆணையத்தின் 1916ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, செலவில் 75 விழுக்காட்டை மைய அரசே ஏற்க, உள்ளாட்சிகள் இலவச சிகிச்சை மையங்களைத் திறந்தன. அங்கு நோயாளியைப் பற்றிய செய்தி இரகசியமாகக் காக்கப்பட்டது. தகுதியற்றோர் சிகிச்சை அளிப்பதை 1917ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சீருடையைக் களைந்த வீரன் மேலதிகாரிக்கு அஞ்சாமல் சென்று சேரக்கூடிய இடம் அந்த மையம்தான். அவன் மனைவிக்கும் அதே கதவு திறந்திருந்தது.

கேள்வி: அப்படியானால் பென்சிலின் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: குணப்படுத்துவது எளிதாயிற்று, பரவல் நிற்கவில்லை. பென்சிலின் கிரந்தியைத் தீர்க்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி 1943இல் காட்டினார். நோயுற்ற வீரரின் ஊதியத்தை நிறுத்தும் சட்டத்தை அமெரிக்கா 1944இல் நீக்கியது. ஆயினும் 1945இல் ஜெர்மனியில் நிலைகொண்ட அமெரிக்க வீரர்களிடையே நோய் விகிதம் கடுமையாக உயர்ந்தது. அங்கே பொதுமக்களுக்குப் பென்சிலின் அரிதாக இருந்ததால், இன்று குணமான வீரன் சில வாரங்களில் மீண்டும் நோயோடு வந்து நின்றான். கடைசியில், தம் வீரர்களைக் காப்பதற்காகவே, ஜெர்மானியப் பெண்களுக்கும் அம்மருந்தில் ஒரு பங்கை ஒதுக்க அமெரிக்க அதிகாரிகள் இசைந்தார்கள்.