இசைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பாட்டுக் கேட்கப் போகிறார்களா, இன்ஸ்டாகிராமில் சீன் போடப் போகிறார்களா?

கேள்வியின் முழு வடிவம் இது: "நண்பர்கள் எல்லோரும் இசைத் திருவிழாவுக்குப் போய்ப் படம் படமாகப் போடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வருகிறது. அவர்கள் உண்மையில் பாட்டுக்காகத்தான் போகிறார்களா? நானும் போகலாமா?"

ரெண்டுக்கும்தான் போகிறார்கள். ஒரே ஆளுக்கே இரண்டு ஆசையும் இருக்கும், அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் படம் எடுப்பதால் அந்த இடத்தில் ஒன்று குறைந்துபோகிறது. வேலை காரணமாக அதை நான் நேரடியாகக் காதால் கேட்கிறேன்.

இசை நிகழ்ச்சிகளில் மானிட்டர் மிக்ஸிங் என் வேலை. கூட்டத்துக்குக் கேட்கும் ஒலியைப் பார்த்துக்கொள்பவர் கூட்டத்துக்கு நடுவே, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியோடு உட்கார்ந்திருப்பார். நான் மேடையின் ஓரத்தில் நிற்பேன். பாடகருக்கு அவர் குரல் எவ்வளவு கேட்க வேண்டும், டிரம்மருக்குக் கிடார் எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலந்து கொடுப்பது என் பொறுப்பு. இப்போது பெரிய மேடையில் பாடுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே காதை இறுக்கி அடைக்கும் இயர்பீஸ் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் போட்டால் வெளிச்சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தாலும் பூட்டிய அறைக்குள் தனியாகப் பாடுவது போல இருக்கும். அதனால் மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்தபடி மைக் வைத்து, அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் காதுக்குள் அனுப்புவோம். கூட்டம் பாடுவதும் தட்டுவதும் அவர்களுக்கு அப்படித்தான் வந்து சேர்கிறது.

எல்லோரும் காத்திருக்கும் அந்த ஹிட் பாட்டு ஆரம்பிக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? முதல் நொடியில் ஒரு கூச்சல். அடுத்து போன்கள் மேலே ஏறும். உடனே என் மிக்ஸரில் கூட்டத்து மைக்கின் சத்த அளவைக் காட்டும் விளக்குகள் கீழே இறங்கும். காரணம் ரொம்ப எளிது. ஒரு கையில் போன் இருந்தால் கைதட்ட முடியாது. சத்தம் போட்டுக் கூடப் பாடினால் தன் குரல் வீடியோவில் விழுந்துவிடும் என்று வாயையும் மூடிக்கொள்கிறார்கள். கை ஆடிவிடக் கூடாது என்று உடம்பும் நின்றுவிடுகிறது. ஆக, அன்றைக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக அதிர வேண்டிய பாட்டுக்குத்தான் கூட்டத்தின் சத்தம் குறைவு.

ஒரு முறை பாடகர் ஒருவர், பல்லவியின் இரண்டாவது வரியைக் கூட்டம் பாடட்டும் என்று மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருக்க, என் பக்கம் திரும்பி இன்னொரு கையின் விரலை மேலே காட்டினார். கூட்டத்து மைக்கை ஏற்றச் சொல்கிறார். நான் ஏற்கனவே ஏற்றித்தான் வைத்திருந்தேன். அதற்கு மேல் ஏற்ற அங்கே சத்தமே இல்லை. முடியாது என்று தலையை ஆட்டினேன். புரிந்துகொண்டு மைக்கை இழுத்து அவரே பாடி முடித்தார். எதிரே ஆயிரக்கணக்கில் வெளிச்சத் திரைகள் இருந்தன. கூட்டமும் சேர்ந்து பாடினால்தான் அது திருவிழா. அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

பீற்றிக்கொள்வது புதிது இல்லை. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் திருவிழாவுக்கு 4 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பிறகு ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1970 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு பால் பண்ணையில் முதல் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா நடந்தது. டிக்கெட் 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். அதற்கு வந்தவர்களும் "நான் முதல் வருஷமே போனேன்" என்று பெருமைப்படத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களுடைய பீற்றல் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு. யார் எப்படி வாசித்தார்கள், மழை எப்படிக் கொட்டியது என்று வாயால்தான் சொல்லியாக வேண்டும். சொல்ல விஷயம் வேண்டுமென்றால் முதலில் கவனித்திருக்க வேண்டும். இப்போது நடந்துகொண்டிருக்கும்போதே பீற்றிவிடலாம். கவனிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செல்ஃபியில் மேடையும் விழ வேண்டுமென்றால் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.

இதில் ரசிகர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. நடத்துகிறவர்களும் படத்துக்காகவே இடத்தை அமைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் போலோ மைதானத்தில் நடக்கும் கோச்செல்லா இசைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் தொடங்கியபோது அது நஷ்டத்தில் முடிந்தது, அடுத்த வருடம் நடக்கவே இல்லை. இன்று அதன் ராட்டினமும் பிரம்மாண்டச் சிற்பங்களும் பாடகர்கள் அளவுக்குப் பிரபலம். துணிக் கம்பெனிகள் "திருவிழா உடை" என்றே தனியாக விற்கின்றன. 2019இல் ஒரு யூடியூபர் அங்கே போகாமலேயே, படங்களை எடிட் செய்து போனதுபோலப் போட்டுக் காட்டினார். நிறையப் பேர் நம்பினார்கள். நம்ப முடிந்ததற்குக் காரணம், போனவர்கள் போடும் படத்திலும் பாட்டு இல்லை என்பதுதான்.

ஃபயர் திருவிழாவின் கதை இதன் உச்சம். 2016 டிசம்பரில் புகழ்பெற்ற மாடல்கள் ஒரே சமயத்தில் இன்ஸ்டாகிராமில் ஓர் ஆரஞ்சு நிறக் கட்டத்தைப் போட்டு அதை அறிவித்தார்கள். விளம்பர வீடியோவில் பஹாமாஸ் கடல், சொகுசுப் படகு, மாடல்கள். மக்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். 2017 ஏப்ரலில் போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பேரிடர் நிவாரணக் கூடாரமும் மழையில் நனைந்த மெத்தையும். முக்கியக் குழுவாக அறிவிக்கப்பட்ட பிளிங்க்-182 கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. பெட்டியில் இரண்டு துண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்த ஒரு படம் உலகம் சுற்றியது. நடத்திய பில்லி மெக்ஃபார்லண்டுக்கு மோசடி வழக்கில் 2018இல் 6 வருடச் சிறை. அங்கே விற்றது அந்தப் படத்தில் நாமும் இருப்போம் என்ற நினைப்பைத்தான்.

சரி, போனையே தடை செய்யலாமா? அரங்கக் கச்சேரிகளில் செய்கிறார்கள். உள்ளே போகும்போது போனைப் பூட்டும் பைக்குள் போட்டு உங்களிடமே கொடுத்துவிடுவார்கள், வெளியே வரும்போது திறந்துவிடுவார்கள். அமெரிக்க ராக் பாடகர் ஜாக் வைட் 2018இல் அப்படியே ஒரு சுற்றுப்பயணம் முழுக்க நடத்தினார். ஆனால் நாள் கணக்கில் நடக்கும் திருவிழாவில் அது நடக்காத காரியம். கூட்டத்தில் தொலைந்த நண்பரைத் தேட வேண்டும், உடம்பு முடியாமல் போனால் யாரையாவது கூப்பிட வேண்டும். அப்புறம், பெயர் தெரியாத ஒரு சின்னக் குழுவுக்கு யாரோ எடுத்த முப்பது நொடி வீடியோதான் முதல் விளம்பரமாக அமைவதும் உண்டு. அதைத் தடுக்க எனக்கு மனசு வராது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு மேடைக்கு முன்னால் பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான் அனுமதி, அதுவும் ஃபிளாஷ் இல்லாமல். அதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். விலை உயர்ந்த கேமராவோடு வருகிறவர்களுக்கே மூன்று பாட்டு போதும் என்றால் நமக்கும் போதும். முதல் பாட்டில் வேண்டியதை எடுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று எடுத்தால் போனின் சின்ன மைக் சத்தம் தாங்காமல் கரகரவென்றுதான் பதியும். நல்ல பதிவுதான் வேண்டுமென்றால், கோச்செல்லாவை 2011 முதலே யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள், மிக்ஸரிலிருந்து எடுத்த சுத்தமான ஒலியோடு.

இனி உங்கள் விஷயம். அடுத்த திருவிழாவில் பாடுகிறவர்களின் பட்டியலை எடுத்து, போனதை யாரிடமும் சொல்லவே கூடாது என்றாலும் இவர்களைக் கேட்கப் போவேன் என்று தோன்றும் பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். மூன்று நான்கு தேறினால் தாராளமாகப் போங்கள். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் தவணையில் டிக்கெட் எடுத்துக் கடனாளி ஆகாதீர்கள், நண்பர்களின் படங்களுக்கு லைக் போட்டால் போதும்.

போவதாக இருந்தால் மத்தியானமே போய்ச் சின்ன மேடைகளைச் சுற்றுங்கள். முப்பது நாற்பது பேர்தான் நிற்பார்கள், ஆனால் அங்கே கூட்டத்து மைக்கில் கேட்கும் கைதட்டல் பெரிய மேடையில் பல ராத்திரி கேட்பதில்லை. காதுக்கு ஒரு ஜோடி இயர்பிளக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். முன்வரிசையில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், கூட்டத்தில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.