பில்டர் மாற்றியும் பாய்லரில் சுண்ணாம்பு ஏன்?

கேள்வி: எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கான தண்ணீர் பில்டர் கார்ட்ரிட்ஜை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறோம். தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரிலும் எண் ஏறவில்லை. ஆனாலும் ஸ்டீம் பாய்லரில் வெள்ளையாகப் படிகிறது. எங்கே தவறு?

பதில்: காலண்டரையும் மீட்டரையும் நம்பியதில்தான். முதலில் கார்ட்ரிட்ஜின் லேபிளைப் பாருங்கள். வெறும் கார்பன் என்றால் அது குளோரினையும் வாடையையும்தான் எடுக்கும், சுண்ணாம்பைத் தொடாது. சுண்ணாம்பைப் பிடிக்கும் ரெசின் உள்ளது என்றால் கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

டிடிஎஸ் மீட்டருக்குக் கால்சியம் எது, சோடியம் எது என்று தெரியாது. கால்சியத்தைப் பிடித்துச் சோடியத்தை விடும் ரெசின் தீர்ந்துபோனாலும் மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியது கடினத்தன்மை பார்க்கும் சொட்டு கிட். பெரும்பாலான கிட்டுகளில் 5 மி.லி. தண்ணீரில் கிட்டின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நிறம் மாறும்வரை எத்தனை சொட்டோ, அத்தனை ஜெர்மன் டிகிரி; இது கடினத்தன்மையின் அலகு. ஒரு டிகிரி என்பது 17.8 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 17.8 மி.கி. கால்சியம் கார்பனேட். பில்டருக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

10 டிகிரி தண்ணீரில் 4,000 லிட்டர் தாங்கும் கார்ட்ரிட்ஜ், 20 டிகிரியில் 2,000 லிட்டர்தான் தாங்கும். கப் கழுவுவது, குரூப் (காபி இறங்கும் தலைப்பகுதி) அலசுவது எல்லாம் சேர்த்து நாளுக்கு 25 லிட்டர் ஓடினால் 80 நாளில் கதை முடிந்தது. மீதி நூறு நாள் கடினநீர் நேராக மெஷினுக்குத்தான் போகிறது. புது கார்ட்ரிட்ஜ் போட்ட மறுநாள் வரும் அளவை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை சோதித்து, அதிலிருந்து 2 டிகிரி ஏறினாலே மாற்றிவிடலாம். லிட்டர் மிச்சம் இருந்தாலும் ஓராண்டுக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே கிருமி வளரும்.

ஸ்டீம் பாய்லரில் மட்டும் அதிகம் படியக் காரணம், ஆவி வெளியேறும், உப்பு உள்ளேயே தங்கும். வெந்நீர்க் குழாய் அந்தப் பாய்லரிலிருந்தே வருகிறது என்றால் தினமும் ஓரிரு லிட்டர் திறந்துவிடுங்கள்.

கேள்வி: கார்ட்ரிட்ஜ் மாற்றியதும் தண்ணீர் கறுப்பாக வருகிறது, அதை மாட்டும் கூடான ஹவுசிங்கும் கசிகிறது.

பதில்: கறுப்பு, கார்பன் தூள். மெஷினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, தெளியும்வரை குறைந்தது 10 லிட்டர் ஓடவிடுங்கள்; உள்ளே சிக்கிய காற்றும் போய்விடும். அதன் பிறகே ஹோஸை மாட்ட வேண்டும். அந்தத் தூள் மெஷினின் சோலனாய்டு வால்விலும் (மின்சாரத்தில் திறந்து மூடுவது) ஜெட் என்னும் சிறு துளையிலும் அடைத்தால் செலவு வேறு.

கசிவுக்குப் பெரும்பாலும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம்தான் காரணம். அது உட்காரும் பள்ளத்தைத் துடைத்து, உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். வாசலின் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். ஸ்பேனரால் மூச்சுப் பிடித்து இறுக்குவதும் வேண்டாம், ஹவுசிங்தான் விரிசல் விடும்.

கேள்வி: ஆர்ஓ தண்ணீர் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: சுண்ணாம்புத் தொல்லை இருக்காது. ஆனால் பாய்லரின் நீர்மட்ட புரோப், தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்தே அளவை அறிகிறது. உப்பே இல்லாத நீரில் அது ஏமாந்து, மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். காபியும் சப்பென்று இருக்கும், உலோகமும் அரிக்கும். ஆர்ஓவைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வைத் திறந்து, கார்பனில் வடிகட்டிய நீரைக் கலந்து டிடிஎஸ்ஸை 150 பிபிஎம் அளவில் வையுங்கள். இந்த வேலைக்கு மட்டும் அந்த மீட்டர் உதவும்.