10 கிலோமீட்டருக்கு 95 நிமிடம்: ஜனவரியில் ஹாஃப் ஓடி முடிக்க முடியுமா?

கேள்வி: நான் 44 வயதுப் பெண். தாம்பரத்தில் இருக்கிறேன், வங்கி வேலை. ஒன்றரை வருடமாக ஓடுகிறேன். 10 கிலோமீட்டருக்கு 95 நிமிடம் ஆகிறது. ஜனவரியில் நடக்கும் ஹாஃப் மராத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கொடுக்கும் அதிகபட்ச நேரம், மூன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை குழுவோடு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) போனால், நான் திரும்பி வருவதற்குள் எல்லோரும் டிபன் முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மாதமாக அலாரம் அடித்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. எனக்கு ஊக்கம் போதாது என்று பயிற்சியாளர் சொல்கிறார். 12,000 ரூபாய்க்கு ஒரு வேகப் பயிற்சியில் சேரச் சொல்கிறார். ஓட்டத்தன்று முன்வரிசையில் நிற்க வேறொருவருடைய பிப்பையும் (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கித் தருகிறாராம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 12,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பிப்பையும் வாங்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஒன்றரை வருடமாக விடிவதற்கு முன்பே எழுந்து ஓடுகிற ஒருவருக்கு ஊக்கம் இல்லை என்று சொல்ல அந்தப் பயிற்சியாளருக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. உங்கள் குழுவின் அட்டவணையைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை 18 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவருக்கு அது ஒரு மணி 48 நிமிட வேலை. உங்கள் வேகத்தில், வெயிலும் ஏறிவிட்டால், அதே 18 கிலோமீட்டர் மூன்று மணி நேரம். தாளில் இருவருக்கும் ஒரே எண்தான். உங்கள் கால்களோ ஒன்றே கால் மணி நேரம் கூடுதலாக உழைக்கின்றன, அதுவும் எட்டு மணி வெயிலில். அந்த அலுப்பு தீருவதற்குள் செவ்வாய்க்கிழமை அடுத்த ஓட்டம் வந்துவிடுகிறது. இப்படி இரண்டு மாதம் போனால் யாருக்குமே எழுந்திருக்க மனம் வராது. நீங்கள் சோம்பல் என்று நினைப்பதில் பாதிக்கு மேல், ஓய்வு கிடைக்காத உடம்பு கெஞ்சுவதுதான்.

அதனால் இன்றிலிருந்து கிலோமீட்டரை மறந்துவிட்டு நிமிடக் கணக்குக்கு மாறுங்கள். வாரத்தில் மூன்று நாள் 40 முதல் 45 நிமிடம் போதும். பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். ஞாயிறு ஓட்டம் 90 நிமிடத்தில் தொடங்கட்டும். வாரம் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டி, நான்காவது வாரம் மறுபடி 90-க்கு இறங்கிவிடுங்கள். டிசம்பர் நடுவில் இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தொட்டால் தாராளம். அதற்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தில் பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்) காட்டும் திரையை எடுத்துவிட்டு, ஓடிய நேரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவோடு ஓடுவதற்கும் இந்த நிமிடக் கணக்கு உதவும். நான் ஓட்டப் பயிற்சி கொடுக்கிற எலியட்ஸ் கடற்கரையில் போன மாதம் ஒரு ஞாயிறு காலை. மணி ஏழே முக்கால். வேகமானவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பையன் விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தான். வாழைப்பழத் தோல் நிறைந்த அட்டைப்பெட்டி ஓரமாகக் கிடந்தது. அப்போதுதான் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா ஓடி வந்து நின்றார். வந்ததும் கடிகாரத்தைத்தான் பார்த்தார். பிறகு தண்ணீர் கேனைச் சாய்த்துப் பிடித்தார், அரை டம்ளர் தேறியது. அதைக் குடித்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் ஓடி வந்தவருக்கு அரை டம்ளர் தண்ணீர். அவர் அடுத்த வாரம் வரவில்லை என்றால் குற்றம் அவருடையதா?

அடுத்த ஞாயிறே எங்கள் ஏற்பாட்டை மாற்றினேன். எல்லோரும் ஐந்து மணிக்கு ஒன்றாகக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும், யார் எங்கே இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். வேகமானவர் பத்துக் கிலோமீட்டர் தாண்டித் திரும்புவார், மெதுவானவர் ஆறில் திரும்புவார். ஆனால் ஏழு மணிக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வார்கள். திரும்பும்போது வேகமானவர்கள் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொள்வதால் கடைசிக் கிலோமீட்டரில் துணையும் கிடைக்கும். இதற்குக் காசு செலவில்லை. உங்கள் குழுவில் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், நீங்கள் 40 நிமிடம் முன்னால் கிளம்புங்கள், ஆனால் விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள தெருவில், இன்னொருவர் துணையோடு மட்டும். நாய்கள் துரத்தினால் ஓடாமல் நின்று, மெல்ல நடந்து கடந்துவிடுங்கள்.

சரி, மூன்றரை மணி நேரக் கட்-ஆஃபுக்கு வருவோம். ஹாஃப் என்பது 21.1 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 வினாடிக்குள் போனால் முடித்துவிடலாம். உங்கள் இப்போதைய வேகம் 9 நிமிடம் 30 வினாடி. அதை அப்படியே கடைசி வரை பிடிக்க முடிந்தால் 3 மணி 20 நிமிடம். முடிகிற காரியம்தான், ஆனால் கையில் இருப்பு குறைவு.

அந்த இருப்பைக் கூட்டும் வழி நடப்பது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் விறுவிறு நடை. களைத்த பிறகு அல்ல, முதல் கிலோமீட்டரிலிருந்தே இப்படித்தான். ஓடும்போது கிலோமீட்டருக்கு எட்டரை நிமிட வேகம், நடக்கும்போது 12 நிமிட வேகம் என்று வைத்துக்கொண்டால், சராசரி 9 நிமிடம் 25 வினாடி வருகிறது. இப்போது விடாமல் ஓடுவதைவிடச் சற்று வேகம்! கால்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கிடைப்பதால் 17-வது கிலோமீட்டரிலும் அதே வேகம் நிற்கும். நடந்தால் அது ஓட்டமே இல்லை என்று குழுவில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வெயிலின் கணக்கும் இருக்கிறது. சென்னையில் வெப்பத்தோடு ஈரக்காற்றும் சேர்வதால் வியர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது, இதயம் கூடுதலாக அடிக்கும். அதனால் செப்டம்பரில் வரும் நேரத்தை வைத்து ஜனவரியை எடை போடாதீர்கள். ஜனவரி அதிகாலை 21, 22 டிகிரிதான் இருக்கும். அதே உழைப்புக்கு அப்போது வேகம் தானாகக் கூடும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வரும். தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள், அடியில் திறந்த சாக்கடை இருக்கலாம். ஒரு வாரம் ஓட முடியாமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரம் சேர்த்து ஓடுவதுதான் காயத்தில் கொண்டுபோய் விடும்.

இனி அந்தப் பிப் விஷயம். முன்வரிசைப் பிப் வாங்கித் தருகிறேன் என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வதன் பின்னால் ஓர் உண்மையான பிரச்சினை இருக்கிறது. சில ஓட்டங்களில் கட்-ஆஃபைத் தொடக்கத் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து எண்ணுவார்கள். சிலவற்றில் உங்களிடம் இருக்கும் நேரம் பதியும் சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவார்கள். கடைசி வரிசையில் நிற்பவர் கோட்டை எட்டவே ஏழெட்டு நிமிடம் ஆகலாம். உங்களுக்கு இருக்கிற இருப்போ பத்து நிமிடம். ஆனால் அதற்காக இன்னொருவர் பிப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது உயிரோடு விளையாடுவது. வழியில் நீங்கள் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்துத்தான் வயதையும் நோய் விவரத்தையும் வீட்டுத் தொலைபேசியையும் பார்க்கும். அங்கே இருப்பது வேறொருவர் விவரம். இப்படிப் பிப் விற்றுக் காசு பார்க்கும் தரகர்கள் வாட்ஸ்அப்பில் நிறைய வந்துவிட்டார்கள். வேகப் பயிற்சியை விற்பவர்களும் பலநேரம் இவர்களேதான். உங்கள் பயிற்சியாளரின் அட்டவணையில் கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கென்று ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மாதிரி எத்தனை பேரை இதுவரை முடிக்க வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். இருபதாயிரம் ரூபாய்க்குக் கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கச் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். உங்கள் வேகத்துக்குக் காலைக் கடிக்காத, தேயாத சாதாரண ஓட்டக் காலணி போதும்.

பிப் வாங்குவதற்குப் பதில் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கட்-ஆஃப் எந்த நொடியிலிருந்து? வழியில் எத்தனையாவது கிலோமீட்டர்களில் இடைக் கட்-ஆஃப்? கடைசித் தண்ணீர் மேசை எத்தனை மணி வரை இருக்கும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஓட்டத்தில், என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவரோடு கூடவே போனேன். 18-வது கிலோமீட்டரை அடைந்தபோது கட்-ஆஃபுக்கு இன்னும் 40 நிமிடம் இருந்தது. தண்ணீர் மேசையை மடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சாலையையும் திறந்துவிட்டார்கள், பேருந்துகளுக்கு நடுவில் ஓடினோம். முடித்தபோது பதக்கமும் தீர்ந்துவிட்டது என்றார்கள். முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒரே கட்டணம்தான் கட்டினார்கள். விளம்பரத்தில் 'எல்லோருக்குமான ஓட்டம்' என்று போடத் தெரிகிறது, கடைசி ஆள் வரும் வரை இரண்டு கேன் தண்ணீர் வைக்கத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் 1921-லிருந்து காம்ரேட்ஸ் என்ற ஓட்டம் நடக்கிறது. சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கட்-ஆஃப். ஒரு வினாடி தாண்டினாலும் பதக்கம் இல்லை, அவ்வளவு கறார். ஆனால் அந்தக் கடைசி வினாடி வரை மக்கள் அரங்கில் உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள். அங்கே மெதுவானவர்களைச் சேர்த்து இழுத்துச் செல்லும் கூட்டத்துக்குப் பஸ் என்று பெயர். முன்னால் போகிறவர் டிரைவர். எங்கே ஓடுவது, எங்கே நடப்பது என்று அவர் சொல்லச் சொல்ல மொத்தக் கூட்டமும் போகும். நம் ஊரில் இரண்டு மணி நேரத்துக்கு, இரண்டரை மணி நேரத்துக்கு என்று பேசர் (அந்த நேரத்துக்குள் முடிக்கக் கூடவே ஓடி வழிகாட்டுபவர்) வைக்கிறார்களே, 3 மணி 20 நிமிடத்துக்கு ஒருவரை வைத்தால் என்ன? அந்த மின்னஞ்சலிலேயே இதையும் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால்தான் அடுத்த வருடமாவது வைப்பார்கள்.

எதற்கும் இடுப்பில் அரை லிட்டர் தண்ணீர் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மேசைக்கு மேசை நின்று குடிக்காதீர்கள், அளவுக்கு மீறிய தண்ணீர் ரத்தத்தில் உள்ள உப்பை (சோடியம்) நீர்க்கச் செய்துவிடும், அது ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடிய நேரத்தில் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுமே அவர்களில் அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், அது போதும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முந்திச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் அலுப்பு அட்டவணையால் வந்தது என்றேன். அப்படி இல்லாமலும் இருக்கலாம். 44 வயதுப் பெண், எழ மனமில்லை, இரண்டு மாதமாக அலுப்பு என்றால் நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிப் பேருக்கு மேல்! ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறையும். எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பில் உள்ள இரும்பு வற்றியிருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் என்று தனிப் பரிசோதனை, அது 15-க்குக் கீழே என்றால் பற்றாக்குறை உறுதி. நாற்பதுக்கு மேல் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகிற பெண்கள் பலர். அதை யாரிடமும் சொல்வதில்லை, ஓட்டப் பயிற்சியாளரிடம் சொல்லவே மாட்டார்கள். அவரும் கேட்பதில்லை. கேட்காமலே 'ஊக்கம் இல்லை' என்று எழுதிவிடுகிறார். உங்களுக்கு அப்படி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். தைராய்டையும் கூடவே பார்த்துவிடச் சொல்லுங்கள். 80 பரிசோதனை, 100 பரிசோதனை என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் போக வேண்டாம், இந்த மூன்று போதும். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். முடிவு வருவதற்கு முன் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், பரிசோதனை எண் மாறிப்போகும். சாப்பாட்டோடு காபி, டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அது இரும்பை உடம்பில் சேரவிடாது.

இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வந்து மருத்துவர் பார்க்கும் வரை ஞாயிறு ஓட்டம் 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், வார நாள்களில் நடந்தால் போதும். எண்கள் குறைவாக வந்தால் எனக்கு எழுதுங்கள், அட்டவணையை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன். ஜனவரி தள்ளிப்போனாலும் தள்ளிப்போகட்டும்.