பம்பரைக் கழற்றும் முன் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. தவறு தன்னுடையதுதான் என்று அந்த ஓட்டுநரே எழுதிக் கொடுத்துவிட்டார். என் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்த்தார். ரிப்பேருக்கான தொகையை என் கணக்கிலேயே போடுவதாகவும், ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்ற தாளில் கையெழுத்திடும்படியும் சொல்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் அதைவிடக் குறைவாகவே முடித்துத் தருகிறேன் என்கிறார். மீதியை நான் வைத்துக்கொள்ளலாமா? இடித்தவரின் இன்சூரன்ஸிலும் கேட்கலாமா? கார் மீது வங்கிக் கடன் இருக்கிறது.

பதில்: நீங்கள் மீதிப் பணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை அந்தத் தாளைப் பற்றித்தான்.

பின்பக்க இடியில் பம்பர் லேசாகக் கீறியதுபோலத்தான் தெரியும். கழற்றினால் உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருக்கும், சென்சார் உடைந்திருக்கும், டிக்கியின் அடித்தகடு மடங்கியிருக்கும். சர்வேயர் வெளியிலிருந்து பார்த்துப் போட்ட கணக்கு இதையெல்லாம் அறியாது. இறுதித் தீர்வு என்று கையெழுத்திட்ட பிறகு கூடுதல் செலவு கேட்டால், ‘கணக்கு முடிந்துவிட்டது’ என்பார்கள். மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கினார்கள் என்று நிரூபித்து அந்தத் தாளை உடைப்பது பெரும்பாடு. ஆகவே முதலில் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுங்கள். கூடுதல் எஸ்டிமேட்டை மின்னஞ்சலில் அனுப்பி, மறு ஆய்வு கேளுங்கள். அது முடியும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம், உடைந்த பாகங்களையும் தூக்கிப் போட வேண்டாம்.

மீதிப் பணத்துக்கு விடை உங்கள் பாலிசியில் இருக்கிறது. ‘செலவழித்ததைத் திருப்பித் தருவோம்’ என்ற வகை என்றால் பில் தொகைதான் உங்களுக்கு. பில்லை ஊதிப் பெருக்கினால் மோசடியாகி, மொத்த கிளெய்மையும் இழக்க நேரிடும். ரிப்பேருக்குப் பதில் ரொக்கம் என்று ஒப்புக்கொண்ட தொகை என்றால், குறைந்த செலவில் முடித்து மிச்சம் பிடிப்பது பொதுவாகக் குற்றமல்ல. ஆனால் வங்கியின் பெயர் பாலிசியில் இருக்கும். அதன் சம்மதம் இல்லாமல் பணம் உங்கள் கைக்கு வருமா என்பதையும், காரைப் பழுதின்றி வைத்திருப்பதாகக் கடன் ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அரைகுறையாகச் சரிசெய்த காரில் அதே இடத்தில் மறுபடி அடிபட்டால், ‘இது பழைய சேதம்’ என்று கைவிரிப்பார்கள்.

இரு பக்கமும் வாங்குவதா? ஒரே சேதத்துக்கு இரண்டு முறை முடியாது. இங்கிலாந்தில் 1883-இல் தீர்ப்பான காஸ்டெல்லைன் எதிர் பிரெஸ்டன் வழக்கில், விற்பதாக ஒப்பந்தம் போட்டிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. உரிமையாளர் இன்சூரன்ஸ் பணம் வாங்கினார், பிறகு கட்டடத்தை வாங்கியவரிடம் முழு விலையும் பெற்றார். இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. உங்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனம், அந்த அளவுக்கு உங்கள் இடத்தில் நின்று இடித்தவரிடம் வசூலிக்கும். அதனால் ‘இனி உங்கள் மீது எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்; உங்கள் நிறுவனம் உங்கள் மீதே பாயும்.

உங்கள் பாலிசி தராத செலவுகளை மட்டும் அவரிடம் கேட்கலாம்: நீங்களே ஏற்க வேண்டியிருந்த முதல் தொகை, தேய்மானம் என்று கழித்தது, கார் ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கான வாடகை வண்டி. ரசீது இல்லாமல் இதில் எதுவும் நிற்காது.

பணம் அவசரம் என்றால், ‘ஒரு பகுதியாக மட்டும், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரிடம் தாளோடு போங்கள்.